வலை நீரைத் தொடும் கணம்

களப்பணிக்குப் புறப்படும் இளம் ஆய்வாளர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் கேமராவைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம், எவ்வளவு தொலைவு இழுக்கும் லென்ஸ் வேண்டும், நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் கருவி இருந்தால் போதும் என்று கேட்கிறார்கள். உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாக வரும் நிலையில் இருப்பவர்கள், ஆண்டு முழுவதற்குமான உதவித்தொகையைவிட விலை கூடிய கருவிகளின் பெயர்களைச் சொல்லிக் கேட்பது வருத்தம் தருகிறது. ஓடுவதையும் பறப்பதையும் வீசுவதையும் படமாக்க விலையுயர்ந்த கருவி இன்றியமையாதது என்ற எண்ணம் அவர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கருவி இல்லாததால் ஆவணப்படுத்தலையே கைவிட்டவர்களையும் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய தொடக்கநிலை டிஜிட்டல் கேமரா ஒன்று. அதனுடனேயே வரும் 18–55 மி.மீ. லென்ஸ், நடுத்தர விலையில் ஒரு கைப்பேசி. இவற்றைக் கொண்டுதான் பாலாற்றுப் பகுதியில் உள்நாட்டு மீனவர்களின் தொழில்முறையைப் பதிவுசெய்து வருகிறேன். அங்கு நான் மிகுதியும் படமெடுத்தது வீச்சுவலை வீசுதலை. வேகமான அசைவை எளிய கருவியால் பதிவது குறித்து நான் அறிந்தவை எல்லாம் அந்த ஒரு செயலைத் தொடர்ந்து பார்த்ததால் கிடைத்தவை.

பாலாறு என்றதும் நம்மில் பலருக்கு வேலூர் வழியே ஓடும் ஆறே நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. மாதேஸ்வரன் மலைப் பகுதியில், கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக ஓடிக் காவிரியில் கலக்கும் சிற்றாறு இது. அதன் பெயராலேயே எல்லைச் சோதனைச் சாவடியும் அறியப்படுகிறது. ஒருகாலத்தில் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. மைசூர் மாவட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போயிற்று. காகிதத்தில் எல்லை இத்தனை முறை மாறியும் ஆற்றங்கரையில் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் புழங்குகின்றன. சிற்றாறு காவிரியைச் சேருமிடம் அடிப்பாலாறு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நிறையும்போது தேக்கநீர் இப்பகுதி வரை ஏறி நிற்கும். அந்த நீரில் பரிசல்கள் மிதக்கும்.

இனி வலைக்கு வருவோம். வீச்சுவலை வட்ட வடிவானது. நடுவில் கயிறு, விளிம்பு முழுவதும் ஈயக்குண்டுகள். வீசுபவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, வலையின் ஒரு பகுதியை முழங்கையில் மடித்துப் போட்டு, மறுபகுதியை வலக்கையில் பிடித்து, இடுப்பைத் திருப்பி வீசுகிறார். கையை விட்ட வலை காற்றில் சுழன்று விரிந்து, வட்டமாகி, நீரில் விழுகிறது. கை விட்டதிலிருந்து நீர் தொடும் வரை ஏறத்தாழ ஒரு நொடி. அவ்வளவுதான். அடுத்த வீச்சுக்குச் சில நிமிடங்கள் ஆகும். வலையை மெல்ல இழுக்க வேண்டும், சிக்கியதை எடுக்க வேண்டும், குச்சியும் பாசியும் களைய வேண்டும், வேறிடம் நகர வேண்டும். காலை முழுவதும் உடனிருந்தாலும் இருபது, முப்பது வீச்சுகளே நமக்கு வாய்க்கும்.

இந்த ஒரு நொடியைக் கணக்காகப் பார்ப்பது பயன்தரும். கண் ஒன்றைக் கண்டு விரல் அசைவதற்கு மனிதருக்குக் கால் நொடி அளவு தேவைப்படுகிறது. பொத்தானை அழுத்தியபின் எளிய கேமராவின் ஷட்டர் திறப்பதற்கு மேலும் சற்று நேரம் ஆகும். தானியங்கி ஃபோகஸ் தேடத் தொடங்கினால் தாமதம் இன்னும் கூடும். ஆக, நாம் ஒன்றைப் பார்த்து அழுத்தும்போது பதிவாவது அதற்குப் பிந்திய கணம். ஒரு நொடிச் செயலில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் கடந்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவி நொடிக்கு இருபது படம் எடுத்து இச்சிக்கலை மறைத்துவிடும். எளிய கருவியில் இதற்கு ஒரே மாற்று, வரப்போவதை முன்னறிவது. வீசுபவரின் தோளும் இடுப்பும் வலைக்கு முன்பே பேசிவிடுகின்றன. பின்னங்கால் ஊன்றுகிறது, இடுப்பு பின்னோக்கித் திரும்புகிறது, ஒரு கணம் உடல் முழுவதும் நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தை அறிந்தவர்க்கு அடுத்தது தெரியும். இதற்காக முதல் மூன்று நாட்கள் நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கரையில் அமர்ந்து வீச்சுகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். யாருடைய வீச்சு எந்த எண்ணிக்கையில் அவிழ்கிறது என்பது மெல்ல விளங்கிற்று.

அடுத்து அசைவின் கணக்கு. விரியும் வலையின் விளிம்பு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். பத்து மீட்டர் தொலைவில் நின்று 55 மி.மீ. லென்ஸால் எடுத்தால், கேமராவின் உணரியில் அதன் பிம்பம் நொடிக்கு 27.5 மி.மீ. நகரும். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் நகர்வு 0.03 மி.மீ.க்கும் குறைவு. படத்தை 30 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கலங்கலாகத் தெரியும். ஆய்வேட்டில் அரைப்பக்கப் படமாக வந்தால் கண்ணுக்குத் தெரியாது. 1/250 நொடி என்றால் அதே அச்சில் கலங்கல் 1.4 மி.மீ.; ஈயக்குண்டுகள் கோடுகளாகிவிடும்.

இந்தக் கணக்கில் நம் கையில் இருப்பது ஷட்டர் மட்டுமன்று. தொலைவை இரட்டித்தால் பிம்பத்தின் நகர்வு பாதியாகும். ஆனால் பின்னர் அப்படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் அந்த ஆதாயம் போய்விடும். கோணம் இதைவிட நல்ல துணை. குறுக்கே செல்லும் பொருளைவிட நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ செல்லும் பொருளின் பிம்பம் மெதுவாகவே நகரும். அசைவின் திசைக்கு 30 பாகைக் கோணத்தில் நின்றாலே பக்கவாட்டு நகர்வு பாதியாகிவிடுகிறது. வீசுபவரின் பின்புறம் சற்றே ஒதுங்கி நின்றால் வலை முன்னேறிச் செல்லும் வேகம் பெரிதும் மறைந்து, விரியும் வேகம் மட்டும் எஞ்சும். மூன்றாவதாக, எந்த அசைவிலும் வேகம் தணியும் இடங்கள் உண்டு. மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்பதைப் போல, முழுமையாக விரிந்த வலை ஒரு கணம் விரிவதை நிறுத்தி, அதன் பிறகே விழத் தொடங்குகிறது. இதே கரையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே சிறகடித்தபடி ஓரிடத்திலேயே நிற்பதைக் காணலாம். பாயும் மீன்கொத்தியை எளிய லென்ஸால் பிடிப்பது அரிது. நிற்கும் மீன்கொத்தி தானாகவே நேரம் தருகிறது.

ஃபோகஸ் சிக்கலுக்கும் பழைய தீர்வு இருக்கிறது. லென்ஸை 35 மி.மீ.இல் வைத்து, துளையை எஃப் 8க்குக் குறைத்து, எட்டு மீட்டர் தொலைவிலுள்ள ஒரு பாறையின் மீது கையால் ஃபோகஸ் செய்துவிட்டால், ஏறத்தாழ நான்கு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாகவே விழும். அதன்பின் கேமரா எதையும் தேட வேண்டியதில்லை. பொத்தான் அழுத்தும் தாமதமும் வெகுவாகக் குறையும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8 என்று வைத்தால் 1/1600 நொடி கிடைக்கும். காலைச் சாய்வெயிலில் அதில் பாதி. சாதாரண லென்ஸுக்கு இது போதும்.

வெயில் வந்தபின் இது சரி. மீனவர்களோ வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. மலைக்கு மேல் கதிரவன் எழுவதற்கு முன்பே பாதித் தொழில் முடிந்துவிடும். எளிய கருவியின் உண்மையான எல்லை இதுதான். ஒளி குறைந்த நேரத்தில் 1/1000 நொடியை வற்புறுத்தினால் படம் மணற்பொரியாகிவிடும். அங்கே நான் இரு வழிகளைக் கையாள்கிறேன். ஒன்று, வெளுக்கும் கீழ்வானத்தைப் பின்புலமாக வைத்து, வானத்துக்கு ஏற்ற ஒளியளவில் எடுப்பது; மனிதரும் வலையும் நிழலுருவாக நிற்பார்கள், வலையின் கண்ணிகள்கூட எழுதியதுபோல் தெரியும். மற்றொன்று, கலங்கலை ஏற்றுக்கொள்வது. 1/15 நொடியில் எடுத்த படத்தில் ஊன்றிய கால்கள் அசையாமல் இருக்கும், கைகள் புகையாக இருக்கும், ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றும் தாம் சென்ற வழியைக் கோடாக வரைந்திருக்கும். உறைந்த படம் வடிவத்தைக் காட்டுகிறது. இது பாதையைக் காட்டுகிறது. தொழில்முறையை ஆய்பவருக்கு இரண்டாவதும் சான்றுதான்.

இவ்விடத்தில் மா. கிருஷ்ணனை நினைவுகூராமல் இருக்க முடியாது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1940களில் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாமல் எழுதியவர். தமிழிலும் அரிய கட்டுரைகள் எழுதினார், அவற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தார். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அவரது கேமராவோ ஒரு நிறுவனத்தின் உடலும் வேறொன்றின் லென்ஸுமாக, எஞ்சியதைத் தம் கையாலேயே பொருத்திச் சேர்த்த ஒட்டுக்கருவி. அதன் பளுவைக் கேலிசெய்வதுபோல் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அத்தகைய கருவியில் ஒரு படம் எடுத்து அடுத்ததற்கு ஆயத்தமாவதற்குள் யானை நகர்ந்திருக்கும். ஆகவே, எப்போது எடுக்க வேண்டும் என்பதை யானையைப் பற்றிய அறிவிலிருந்தே பெற்றாக வேண்டும். அவரது எழுத்தையும் படங்களையும் சேர்த்துப் பார்த்தால் காதின் அசைவு, துதிக்கையின் வளைவு, கூட்டத்தின் நிற்பு ஆகியவற்றை அவர் எத்தனை காலம் உற்றுநோக்கியிருக்கிறார் என்பது புலப்படும்.

ஆனால் முன்னறிதல் என்பது எப்போது அழுத்துவது என்பதோடு முடிவதில்லை. எந்தக் கணம் என்ற கேள்வி அதற்கு முந்தியது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு எழுகின்றனவா என்பது அன்று விவாதப்பொருள். எழுகின்றன என்று படங்கள் காட்டின. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அன்று. அவை வயிற்றடியில் குவிந்திருக்கும்போது. அழகென்று கண் நம்பிய கணமும் செயலின் உண்மையான கணமும் வேறுவேறாக இருந்தன.

வீச்சுவலைக்கும் அப்படியொரு ‘நம்பிய கணம்’ உண்டு. மாலைச் சூரியன், பொன்னிற நீர், காற்றில் முழுவட்டமாக விரிந்த வலை. நாட்காட்டிகளில் இருப்பது இதுதான். என் முதல் நாட்களின் படங்களிலும் நான் தேடியது இதையே. கேமராத் திரையில் அப்படியொரு படத்தை ஒரு முதிய மீனவருக்குக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “வட்டத்தப் பாத்து என்ன பண்றது தம்பி? சத்தத்தக் கேளு” என்றார். பிறகு விளக்கினார். காற்றில் வலை எப்படி விரிந்தாலும் பொருட்டில்லை. ஈயம் அனைத்தும் ஒரே நேரத்தில் நீரைத் தொட வேண்டும். தொட்டால் ஒரே சத்தம் கேட்கும். ஒரு பக்கம் முந்தினால் சத்தம் இழுபடும். அந்த இழுப்பிலேயே மீன் மறுபக்கம் நழுவிவிடும். கரையில் முதுகைத் திருப்பி அமர்ந்திருந்தாலும் யாருடைய வீச்சு நல்ல வீச்சு என்பது அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நான் எடுக்கும் படம் மாறியது. வலை நீரைத் தொடும் கணத்தில் விளிம்பு முழுவதும் சிறு சிறு நீர்த்துளிகள் எழும்பி ஒரு வளையமாக நிற்கும். வீச்சு செம்மையாக இருந்தால் வளையம் எங்கும் ஒரே உயரம். தவறினால் ஒரு பக்கம் அடங்கிவிட்டிருக்கும், மறுபக்கம் அப்போதுதான் எழும். செவி கேட்டதைப் படம் காட்டுகிறது. இதில் எளிய கருவிக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. வட்டம் முழுமையாக விரிந்ததைக் கண்டு அழுத்தினால், விரலும் ஷட்டரும் எடுத்துக்கொள்ளும் தாமதத்துக்குப் பின் பதிவாவது பெரும்பாலும் நீர்வளையமே. நாட்காட்டிப் படத்தைத் தேடுபவருக்கு இழப்பாகத் தோன்றும் அந்த மூன்றில் ஒரு நொடி, தொழிலைப் பதிவுசெய்பவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா இருந்திருந்தால் இரு கணங்களுமே என்னிடம் இருந்திருக்கும். அவற்றுள் எது முக்கியம் என்பதைச் சொல்ல அப்போதும் அந்த முதியவரே வேண்டியிருந்திருக்கும்.

“இன்னொரு தடவை வீசுங்கள், சரியாக விழவில்லை” என்று கேட்கும் வழக்கம் படமெடுப்போரிடம் பரவலாக இருக்கிறது. மியன்மாவின் இன்லே ஏரியில் மீனவர்கள் சிலர் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கூடையைத் தூக்கி நிற்பதே பிழைப்பாகிவிட்டது. பாலாற்றில் மறுவீச்சு கேட்பதன் விலையை நான் கண்டிருக்கிறேன். நனைந்த வலை பளுவானது. ஒவ்வொரு வீச்சும் அந்த இடத்து மீன்களைக் கலைத்துவிடும். மீன் இல்லாத இடத்தில் எனக்காக வீசப்படும் வலை அவரது காலைப் பொழுதிலிருந்து கழிக்கப்படுகிறது. அன்றைய பாடு ஒரு கூடை ஜிலேபிக் கெண்டையாக இருக்கும்போது அது சிறிய கழிவு அன்று. எனவே மறுவீச்சு கேட்பதில்லை என்பதை விதியாக வைத்திருக்கிறேன். மேலும், எனக்காக வீசிய வீச்சு தொழிலின் சான்று ஆகாது. அது என் கேமராவின் சான்று மட்டுமே.

முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பகுதியில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் எல்லையின் இருபுறத்துக் கிராமத்தாரும் தேடுதல் வேட்டைகளால் பட்ட துன்பம் நெடியது. அந்த ஆண்டுகளைக் கண்டவர்களுக்கு, ஒருவர் முகம் ஒரு காகிதத்தில் பதிவாவது எளிய செய்தி அன்று. இன்றும் வனச் சட்டங்களுக்கும் மாநில எல்லைக்கும் இடையில் மிதப்பவர்கள் அவர்கள். எந்தப் பரிசல் எந்த நாளில் எந்தக் கரையில் நின்றது என்பதை ஒரு படம் சொல்லிவிடக்கூடும். ஆகவே பின்புறமிருந்து எடுக்கிறேன், நிழலுருவாக எடுக்கிறேன், கோப்புகளிலிருந்து இடக்குறிப்பை நீக்குகிறேன். அசைவின் கணக்கு பரிந்துரைக்கும் பின்புறக் கோணமும், ஒளிக்குறைவு பரிந்துரைக்கும் நிழலுருவும், மனிதர்களைக் காக்கும் வழியாகவும் அமைந்தது நான் எதிர்பாராத பேறு.

கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசிக் கேமரா படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை; வரிவரியாகப் படிக்கிறது. மேல்வரி படிக்கப்பட்ட நேரத்துக்கும் கீழ்வரி படிக்கப்பட்ட நேரத்துக்கும் இடையில் வேகமான பொருள் நகர்ந்துவிடுவதால் வடிவம் சாயும். இது புதிய குறையும் அன்று. 1910களின் தொடக்கத்தில் பிரெஞ்சு இளைஞர் ழாக் ஆன்ரி லார்த்திக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகச் சாய்ந்திருப்பது, பிளவு வழியே ஒளியை விட்ட அன்றைய ஷட்டரின் விளைவு. கலையில் அது புகழ்பெற்றது. நம் வேலையில், வட்ட வலை நீள்வட்டமாகப் பதிந்தால் அது வீசியவரின் கைத்திறனைப் பற்றிய தவறான தரவு. மேலும், இன்றைய கைப்பேசிகள் பல படங்களை ஒன்றாக இணைத்து ஒரு படமாகத் தருகின்றன. அசையும் பொருளில் அந்த இணைப்பு இல்லாத விளிம்புகளை உண்டாக்கலாம். எச்டிஆர் முதலியவற்றை அணைத்துவிட்டு, நல்ல ஒளியில், அசைவின் திசையிலேயே நின்று எடுத்தால் பெரும்பகுதி தீரும்.

களப்பணிக்குப் புறப்படும் நண்பர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கையில் இருக்கும் கருவியோடு செல்லுங்கள். முதல் சில நாட்கள் அதைப் பையிலேயே வைத்திருங்கள். செயலைச் செய்பவர்களிடம், நல்லது எது, தவறியது எது என்பதை எப்படி அறிகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் கணத்துக்கு உங்கள் ஷட்டரையும் கோணத்தையும் நிற்கும் இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எடுத்த படத்தை அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சென்ற முறை நீர்வளையப் படங்கள் சிலவற்றை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். முதியவர் அவற்றைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் சுட்டி, இது சரியாக விழுந்தது, இது இடப்பக்கம் முந்தியது, இது காற்று தள்ளியது என்று பிரித்துவைத்தார். அந்தப் பகுப்பு இப்போது என் ஆய்வேட்டின் ஓர் அட்டவணையாக இருக்கிறது.